ஒற்றைப் பூவுக்குள் ஒளிந்திருக்கும் அடுக்குப் பூ

இங்கிலாந்தில் ஜனவரி மாதம். மரங்கள் இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங் கிளைகளோடு நிற்கின்றன. காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. இரவெல்லாம் விழுந்த பனி புல்தரையை மூடியிருக்கிறது. இந்த நேரத்தில் தோட்டத்தில் பூவைத் தேடிப் போகிறவரைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் நேராக ஓர் ஆப்பிள் மரத்தடிக்குப் போகிறார், குனிகிறார், தலை கவிழ்ந்து நிற்கும் ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்க்கிறார். வெள்ளைப் பூ. உள்ளே செம்புள்ளிகள். நடுவே கொத்தாக மகரந்தக் கேசரங்கள்.

இந்தச் செடியின் பெயர் ஹெல்லிபோர்.

ஐரோப்பாவில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலர் இதை ஆசையோடு வளர்க்கிறார்கள். சிலர் வளர்ப்பதோடு நிற்பதில்லை. ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் தடவி, புதிய வகைகளை உண்டாக்க முயல்கிறார்கள். அப்படி முயன்றவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. அடுக்குப் பூச் செடியையும் ஒற்றைப் பூச் செடியையும் கலந்தார்கள். விதை முளைத்து, செடி வளர்ந்து, முதல் பூ மலர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. மலர்ந்தவையோ பெரும்பாலும் ஒற்றைப் பூக்கள்! மூன்று ஆண்டு உழைப்பும் வீண்தானா? செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடலாமா?

இந்தக் கேள்விக்கு விடை காணுமுன், செடியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

கருஞ்சீரகத்தின் உறவு

ஹெல்லிபோரஸ் என்னும் பேரினத்தில் ஏறத்தாழ இருபது சிற்றினங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இயற்கையாக வளர்கின்றன. பால்கன் மலைநாடுகளில்தான் மிகுதி. ஒரே ஓர் இனம் மட்டும் தன் சுற்றத்தை விட்டு வெகு தொலைவில், சீனாவின் மலைக்காடுகளில் வளர்கிறது.

இது ரனன்குலேசி என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பழக்கமான கருஞ்சீரகமும் இதே குடும்பம்தான்.

தோட்டக்காரர்கள் நன்கறிந்த இனங்கள் இரண்டு. ஒன்று ஹெல்லிபோரஸ் நைகர். ‘நைகர்’ என்றால் லத்தீன் மொழியில் கறுப்பு. பூ வெண்மையாக இருக்க, இந்தப் பெயர் ஏன்? அதன் வேர் கறுப்பு நிறம்! நடுக்குளிர் காலத்தில் பூப்பதால் இதைக் கிறிஸ்துமஸ் ரோஜா என்று அழைப்பார்கள். மற்றொன்று ஹெல்லிபோரஸ் ஓரியன்டாலிஸ். துருக்கியின் வடபகுதியும் காகசஸ் மலைப் பகுதியும் இதன் தாயகம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் பூப்பதால் இதற்குத் தவக்கால ரோஜா என்று பெயர். ரோஜாவுக்கும் இவற்றுக்கும் உறவு ஏதும் இல்லை. ஓரியன்டாலிஸ் இனத்தோடு அதன் நெருங்கிய உறவினங்கள் பல தலைமுறைகளாகக் கலந்து உண்டான தோட்டச் செடிகளையே இன்று பெரும்பாலோர் வளர்க்கிறார்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை, ஏறத்தாழ கறுப்பு என்று சொல்லத்தக்க கருஊதா என அவற்றில் பல நிறங்கள் உண்டு.

கடும் உறைபனி விழுந்த காலையில் இந்தச் செடியைப் பார்த்தால், அது செத்துவிட்டது என்றே நினைப்போம். பூக்காம்புகள் தரையில் சாய்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அவை மெல்ல நிமிர்ந்து எழும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. குளிர் மிகும்போது செல்களுக்குள் இருக்கும் நீரின் ஒரு பகுதி வெளியேறி, செல்களுக்கு இடையே உள்ள வெளியில் பனிக்கட்டியாக உறைகிறது. நீர் குறைந்த செல்கள் தொய்ந்துபோகின்றன. அதனால் காம்பு சாய்கிறது. செல்லுக்கு உள்ளேயே பனிக்கட்டி உண்டானால் செல் சிதைந்துவிடும். வெளியே உறைவதால் அது பிழைக்கிறது. பனி உருகியதும் நீர் மீண்டும் செல்லுக்குள் புகுகிறது, காம்பு நிமிர்கிறது.

இதழ் அல்லாத இதழ்

ஹெல்லிபோர் பூவில் நம் கண்ணைக் கவரும் ஐந்து அகன்ற ‘இதழ்கள்’ உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். செம்பருத்திப் பூவின் அடியில் பச்சைக் கிண்ணம்போல் இருக்கிறதே, அது புல்லிவட்டம். ஹெல்லிபோரில் அந்தப் புல்லி இதழ்களே பெரிதாகி, நிறம் பெற்று, பூச்சிகளை அழைக்கும் வேலையைச் செய்கின்றன.

அப்படியானால் அல்லி இதழ்கள் எங்கே? பூவின் நடுவில் உற்றுப் பார்த்தால், கேசரங்களின் அடியைச் சுற்றிச் சின்னஞ்சிறு குழல்கள் ஒரு வளையமாக நிற்பது தெரியும். அல்லி இதழ்கள்தாம் இப்படிக் குழலாக மாறித் தேன் கிண்ணங்கள் ஆகியிருக்கின்றன. இந்தக் குழல்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவற்றைப் பற்றி ஒரு சுவையான செய்தி வருகிறது.

மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் கேசரங்களும் தேன்குழல்களும் உதிர்ந்துவிடும். புல்லி இதழ்களோ உதிர்வதில்லை. மாதக்கணக்கில் நிற்கும். வெண்மையாக இருந்த கிறிஸ்துமஸ் ரோஜாவின் இதழ்கள் மெல்லப் பச்சை நிறம் கொள்ளும். அவற்றில் பச்சையம் உண்டாகி ஒளிச்சேர்க்கை நடைபெறுகிறது. வளரும் விதைகளுக்கு அந்த உணவு பயன்படுகிறது. விளம்பரப் பலகை, வேலை முடிந்த பின் சமையலறை ஆகிவிடுகிறது!

குளிரில் விருந்தாளி

பூச்சிகள் அரிதான குளிர்காலத்தில் மகரந்தத்தைச் சுமந்து செல்வது யார்? உடலெங்கும் மயிர் அடர்ந்த பம்பிள் தேனீக்களின் ராணிகள் குளிர் சற்றுக் குறைந்த பகல் வேளைகளில் வெளியே வருகின்றன. சாதாரணத் தேனீக்களும் வெயில் அடிக்கும்போது வரும். வேறு பூக்கள் இல்லாத காலமாகையால், வருகிற பூச்சி ஹெல்லிபோரையே நாடுகிறது. போட்டி இல்லாத சந்தையில் கடை விரிப்பது போன்றது இது. தலை கவிழ்ந்த பூ ஒரு குடையாகவும் பயன்படுகிறது. மழையும் பனியும் மகரந்தத்தை நனைப்பதில்லை.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் எரேராவும் உடன் ஆய்வாளரும் 2010ஆம் ஆண்டு ஒரு விந்தையான செய்தியை வெளியிட்டார்கள். ஹெல்லிபோரஸ் ஃபீட்டிடஸ் என்னும் இனத்தின் தேன்குழல்களில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பூச்சிகளே அவற்றைக் கொண்டுவந்து விடுகின்றன. இட்லி மாவு புளிக்கும்போது மாவில் நுண்ணுயிர்கள் வேலை செய்வதுபோல, இந்த ஈஸ்ட்கள் தேனில் உள்ள சர்க்கரையைச் சிதைக்கின்றன. அப்போது வெப்பம் வெளியாகிறது. அதனால் பூவின் உட்பகுதி வெளிக்காற்றைவிடச் சில டிகிரி வரை கூடுதலாகச் சூடாகிறது. ஆனால் தேனின் சர்க்கரை குறைந்துபோகிறது. வெப்பம் இலவசமாகக் கிடைக்கவில்லை; தேன்தான் அதற்கு விலை.

தோட்டத்தில் வளர்ப்பது எப்படி?

ஹெல்லிபோர் காட்டோரச் செடி. இலையுதிர் மரங்களின் அடியில் அது செழிக்கும். கோடையில் மரம் நிழல் தருகிறது. குளிர்காலத்தில் இலைகள் இல்லாததால் வெயில் தரைக்கு இறங்குகிறது. இரண்டும் இதற்கு வேண்டும். மண்ணில் மட்கிய இலைகள் நிறைந்திருக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும். ஆனால் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகிவிடும். வேர்கள் ஆழமாகச் செல்வதால் குழியை ஆழமாகத் தோண்டிப் பண்படுத்துவார்கள். ஒருமுறை நட்டபின் இடம் மாற்றுவதை இந்தச் செடி விரும்புவதில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் தவக்கால ரோஜாவின் பழைய இலைகளை அடியோடு வெட்டிவிடுவது வழக்கம். பூக்கள் நன்றாகத் தெரியும் என்பது ஒரு காரணம். இலைப்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சை பழைய இலைகளில் தங்கி, புதிய தளிர்களுக்குப் பரவாமல் தடுப்பது இன்னொரு காரணம். இலை நரம்புகளை ஒட்டிக் கறுப்புக் கோடுகள் தோன்றிச் செடி குறுகினால், அது வைரஸ் நோய். அசுவினிப் பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. அதற்கு மருந்து இல்லை. செடியை அகற்றிவிட வேண்டியதுதான்.

இன்னொரு முக்கியமான எச்சரிக்கை. ஹெல்லிபோர் நச்சுச் செடி. இலை, வேர், விதை எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. அவற்றுள் சில இதயத்தைத் தாக்குபவை. சாறு பட்டால் தோல் எரியும். ஆகவே கையுறை இல்லாமல் தொடமாட்டார்கள். பண்டைக் கிரேக்க நாட்டில் கிர்ரா என்ற நகரை முற்றுகையிட்டவர்கள், ஊருக்குச் செல்லும் நீரில் ஹெல்லிபோர் வேரைக் கலந்து காவலர்களை வயிற்றுப்போக்கால் வீழ்த்தினார்கள் என்று பாசேனியஸ் என்ற பழங்கால எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டு மருந்துச் சரக்கான கடுகுரோகிணியை ஹெல்லிபோர் என்றே பழைய நூல்கள் சிலவற்றில் குறித்திருக்கிறார்கள். அது தவறு. கடுகுரோகிணி இமயமலையில் வளரும், வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த செடி.

எறும்புக்குக் கூலி, விதைக்கு உறக்கம்

இங்கிலாந்தில் மே மாதக் கடைசியிலும் ஜூன் மாதத்திலும் ஹெல்லிபோர் விதைகள் முற்றுகின்றன. கறுத்த, பளபளப்பான ஒவ்வொரு விதையிலும் வெண்மையான ஒரு சதைப்பகுதி ஒட்டியிருக்கும். அதில் கொழுப்புச் சத்து உண்டு. எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிச் செல்கின்றன. சதையைத் தின்றுவிட்டு விதையைப் போட்டுவிடுகின்றன. சுமை கூலிக்கு விதை ஊர் மாறுகிறது.

ஆனால் அந்த விதை உடனே முளைக்காது. தாய்ச் செடியிலிருந்து விழும்போது அதற்குள் இருக்கும் கரு முழு வளர்ச்சி பெறாமல் மிகச் சிறியதாக இருக்கும். ஈர மண்ணில் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மாதம் அளவுக்குக் கிடந்தால்தான் கரு வளரத் தொடங்கும். அதன்பின் ஏறத்தாழ 5 டிகிரி குளிரில் இன்னும் இரண்டு மாதம் அளவுக்கு இருக்க வேண்டும். முதலில் கோடை, பிறகு குளிர் என்ற வரிசை மாறக் கூடாது. இரண்டும் கடந்த விதை ஆண்டுக் கடைசியிலோ அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலோ முளைக்கும்.

எனவே புதிய விதையை உடனே விதைத்துவிட வேண்டும். காகித உறையில் போட்டுக் காயவைத்தால் அதன் உறக்கம் இன்னும் ஆழமாகிவிடும். ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்க நேரிடலாம். அனல் வீசும் சமவெளிகளில் ஹெல்லிபோர் வளராததற்குக் குளிர் கிடைக்காததும் ஒரு காரணம்.

தூரிகையும் நூலும் சீட்டும்

இப்போது கலப்பினம் உண்டாக்கும் முறையைப் பார்ப்போம். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. சிறிய தூரிகை, சிறிய இடுக்கி, நூல், பெயர்ச் சீட்டு, பென்சில் ஆகியவை போதும்.

ஹெல்லிபோர் பூவில் பெண் உறுப்பு முதலில் பக்குவம் அடைகிறது. பூ விரியும் வேளையிலேயே சூல்முடிகள் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிவிடும். மகரந்தப் பைகள் அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் வெடிக்கும். கலப்பினம் செய்பவர் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கிறார். நாளை விரியப்போகும் மொட்டைத் தேர்ந்தெடுத்து மெல்லத் திறக்கிறார். மகரந்தக் கேசரங்களை இடுக்கியால் அகற்றுகிறார். வேறு செடியில், மகரந்தம் உதிரும் நிலையில் உள்ள பூவிலிருந்து தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, இந்தப் பூவின் சூல்முடிகளில் தடவுகிறார். அடுத்த இரண்டு நாட்களும் அதையே மீண்டும் செய்வது நல்லது. பிறகு பூக்காம்பில் சீட்டைக் கட்டுகிறார். சீட்டில் தாய்ச் செடியின் பெயர், தந்தைச் செடியின் பெயர், நாள் ஆகிய மூன்றும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். மை மழையில் கரைந்துவிடும்; பென்சில் எழுத்து நிலைக்கும்.

சில வாரங்களில் சூலகங்கள் பருத்துக் காய்களாகும். காய் முற்றியதும் திடீரென்று வெடித்து விதையை உதிர்த்துவிடுவதால், மெல்லிய துணிப்பையை முன்கூட்டியே கட்டிவைப்பார்கள்.

எந்த இனத்தை எதனோடும் கலக்க முடியுமா? முடியாது. ஹெல்லிபோர் இனங்கள் அனைத்திலும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 32தான். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும், கிறிஸ்துமஸ் ரோஜாவைத் தவக்கால ரோஜாவோடு கலப்பது மிகமிகக் கடினம். கிறிஸ்துமஸ் ரோஜாவைக் கார்சிகா தீவு இனத்தோடும், மல்லோர்க்கா தீவு இனத்தோடும் கலக்க முடிகிறது. ஆனால் பிறக்கும் செடிகள் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. தாயிடமிருந்து வந்த குரோமோசோம்களும் தந்தையிடமிருந்து வந்தவையும் சரியாக ஜோடி சேர்ந்தால்தான் நல்ல மகரந்தமும் சூலும் உண்டாகும். எண்ணிக்கை ஒத்திருந்தால் மட்டும் போதாது. உள்ளமைப்பும் ஒத்திருக்க வேண்டும். தவக்கால ரோஜாவும் அதன் நெருங்கிய உறவினங்களும் அப்படி ஒத்துப்போவதால் தாராளமாகக் கலக்கின்றன, விதையும் பிடிக்கின்றன. வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அவை உகந்தவையாக இருப்பது இதனால்தான்.

இங்கிலாந்தில் மால்வெர்ன் குன்றுகளை அடுத்து வாழ்ந்த ஹெலன் பாலர்டு அம்மையார் இந்தத் துறையில் புகழ்பெற்றவர். வட்டமான, பெரிய, தெளிந்த நிறமுள்ள பூக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துப் புதிய வகைகளை அளித்தார். 1995இல் அவர் காலமானார். கிறிஸ்துமஸ் ரோஜாவுக்கும் மல்லோர்க்கா இனத்துக்கும் பிறந்த கலப்பினம் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மாண்டினீக்ரோவில் இரண்டு செடிகள்

ஒற்றை நந்தியாவட்டையையும் அடுக்கு நந்தியாவட்டையையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹெல்லிபோரிலும் அப்படி அடுக்குப் பூ உண்டு. ஆனால் அது மிக அரிது.

1971ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நாற்றுப் பண்ணை நடத்திவந்த எலிசபெத் ஸ்ட்ராங்மேன் அம்மையார், அன்று யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்த மாண்டினீக்ரோவுக்குச் சென்றார். அங்கு ஹெல்லிபோரஸ் தார்குவாட்டஸ் என்னும் இனம் காடாக வளர்கிறது, பூ சிறியது. ஒற்றைப் பூக்களுக்கு நடுவே இரண்டு செடிகளில் மட்டும் அடுக்குப் பூக்கள் மலர்ந்திருப்பதை அவர் கண்டார். அவற்றுக்கு டைடோ, ஈனியாஸ் என்று பழங்கதைக் காதலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன.

அந்தக் கூடுதல் இதழ்கள் எங்கிருந்து வந்தன? முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன தேன்குழல்களை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அடுக்குப் பூவில் அந்தக் குழல்களே தட்டையாக விரிந்து இதழ்களாகிவிட்டன. புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்த உறுப்பே உருமாறியிருக்கிறது. எனவே முழு அடுக்குப் பூவில் தேன் கிண்ணம் இல்லை. மனிதர் கண்ணுக்கு விருந்து, தேனீக்கு ஏமாற்றம். ஆனால் கேசரங்களும் சூலகமும் இருப்பதால் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யலாம்.

சிறிய அடுக்குப் பூவையும் தோட்டத்துப் பெரிய ஒற்றைப் பூக்களையும் கலந்து, பெரிய அடுக்குப் பூவைப் பெற முடியுமா? இங்குதான் நாம் தொடக்கத்தில் கண்ட புதிர் வருகிறது.

எறிவதா, காப்பதா?

முதல் தலைமுறையில் பெரும்பாலும் ஒற்றைப் பூக்களே வருகின்றன. அடுக்குப் பண்பு அழிந்துவிட்டதா? இல்லை. இதற்கு விடை, 1866இல் வெளியான ஒரு கட்டுரையில் இருக்கிறது. அதை எழுதியவர் புரூன் நகரத்து மடாலயத் துறவி கிரிகோர் மெண்டல்.

மெண்டல் உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அவர் அவற்றை எறிந்துவிடவில்லை. விதைத்தார், தம்முள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடக்க விட்டார். இரண்டாம் தலைமுறையில் 7324 விதைகள் கிடைத்தன. 5474 உருண்டை, 1850 சுருங்கியவை. மறைந்துபோன பண்பு, ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகத் திரும்பி வந்துவிட்டது!

ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு மரபணுவும் தந்தையிடமிருந்து ஒரு மரபணுவும் வருகின்றன. ஒன்று ஓங்கு பண்பு, மற்றது ஒடுங்கு பண்பு என்றால், இரண்டும் சேர்ந்துள்ள செடியில் ஓங்கு பண்பே வெளியில் தெரியும். ஒடுங்கு பண்பு உள்ளே ஒளிந்திருக்கும். ஹெல்லிபோரில் அடுக்குப் பண்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்புபோல் நடந்துகொள்கிறது. முதல் தலைமுறை ஒற்றைப் பூச்செடி ஒவ்வொன்றும், வெளியில் தெரியாத அடுக்குப் பூவைத் தன்னுள் சுமந்துகொண்டிருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று கலந்தால் அடுத்த தலைமுறையில் அடுக்கு மீண்டும் வெளிப்படும். மூன்று ஆண்டு காத்திருந்து செடிகளைப் பிடுங்கி எறிந்தவர், தாம் தேடிய பூவையே குப்பையில் போட்டுவிட்டார்!

இந்தப் பாடத்தை அறிந்தவர்கள் பொறுமையோடு இரண்டாம் தலைமுறைக்குச் சென்றார்கள். மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகள். இன்று தோட்டங்களில் காணும் அழகிய அடுக்கு ஹெல்லிபோர்கள் இத்தகைய பொறுமையால் விளைந்தவை.

ஹெல்லிபோர் பட்டாணி அளவுக்கு ஒழுங்கானது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தேன்குழல்கள் பாதி விரிந்து, சிறு சுருள் வளையமாக நிற்கும் இடைப்பட்ட பூக்களும் வருகின்றன. ஆகவே நாலில் ஒன்று என்பது துல்லியமான கணக்கு அன்று, நல்ல வழிகாட்டி.

எத்தனை செடி வேண்டும்?

நாலில் ஒன்று என்றால் நாலு செடி வளர்த்தால் போதுமே என்று சிலர் எண்ணலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடி அடுக்காக இல்லாமல் போக வாய்ப்பு 3/4. நாலு செடிகளும் அடுக்காக இல்லாமல் போக வாய்ப்பு, 3/4ஐ நாலு முறை பெருக்கினால் வருவது, ஏறத்தாழ 0.32. அதாவது மூன்று தோட்டக்காரர்களில் ஒருவருக்கு ஏமாற்றம். எட்டுச் செடிகள் வளர்த்தால் இது 0.10 ஆகக் குறைகிறது. பதினாறு செடிகள் என்றால் 0.01, நூற்றில் ஒருவருக்கே ஏமாற்றம்.

பதினாறு செடிகளை மூன்று ஆண்டு வைத்திருக்கச் சிறு தோட்டத்தில் இடம் இல்லையா? அதற்கும் வழி உண்டு. முதல் தலைமுறைச் செடியை மீண்டும் அடுக்குப் பெற்றோரோடு கலக்கலாம். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். அப்போது பாதிச் செடிகள் அடுக்காக வர வாய்ப்பு உண்டு. நாலு செடிகள் வளர்த்தாலும், ஒன்றுகூட அடுக்காக வராமல் போவது பதினாறில் ஒரு முறைதான்.

ஆனால் பெற்றோர் யார் என்று தெரிந்தால்தானே இதைச் செய்ய முடியும்? காம்பில் கட்டிய பெயர்ச் சீட்டின் மதிப்பு இப்போது புரிகிறது. சீட்டு இல்லாவிட்டால், அந்த ஒற்றைப் பூச்செடி ஆயிரத்தில் ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கிடைத்த அருமையான செடியைப் பெருக்குவதும் எளிதன்று. அதன் விதையில் பிறப்பவை தாயைப் போலவே இருக்கமாட்டா. மரபணுக்கள் மீண்டும் கலைந்து சேர்ந்துவிடும். தாயின் அச்சாக வேண்டுமானால் கிழங்கை வெட்டிப் பிரித்து நட வேண்டும். நன்கு வளர்ந்த செடியில்கூடச் சில துண்டுகள்தாம் கிடைக்கும். அவை தேறச் சில ஆண்டுகள் ஆகும். கிறிஸ்துமஸ் ரோஜாவும் அதன் கலப்பினங்கள் சிலவும் இப்போது திசு வளர்ப்பு முறையில் பெருமளவில் பெருக்கப்படுகின்றன. இருந்தாலும் புதிய பூ ஒன்று பிறப்பதற்கு இன்றும் விதையும், மூன்று ஆண்டுப் பொறுமையும் வேண்டும்.

செய்து பாருங்கள்

ஹெல்லிபோர் நம் தோட்டத்தில் இல்லாவிட்டாலும், அதன் இரண்டாம் தலைமுறையை நம் வீட்டுத் திண்ணையிலேயே வளர்க்கலாம்! இரண்டு நாணயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தாய், மற்றது தந்தை. ‘தலை’ என்றால் ஒற்றைப் பூவுக்கான ஓங்கு மரபணு. ‘பூ’ என்றால் அடுக்குப் பூவுக்கான ஒடுங்கு மரபணு. இரண்டையும் சேர்த்துச் சுண்டுங்கள். ஒரு முறை சுண்டினால் ஒரு செடி. இரண்டும் பூவாக விழுந்தால் மட்டுமே அடுக்குப் பூச்செடி. மற்றவை எல்லாம் ஒற்றை.

முதலில் நாலு முறை சுண்டுங்கள். அடுக்கு எத்தனை? பிறகு பதினாறு முறை. வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருந்தால், ஒவ்வொருவரும் பதினாறு செடி ‘வளர்த்து’, எல்லாருடைய எண்ணிக்கையையும் கூட்டுங்கள். மொத்தம் 640 செடிகளில் 160க்கு எவ்வளவு அருகில் வருகிறீர்கள் என்று பாருங்கள்.

சுண்டும்போது இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாணயம் தலை, மற்றது பூ என்று விழுந்தவை எத்தனை? அவைதாம் வெளியே ஒற்றையாகவும் உள்ளே அடுக்கை ஒளித்தும் வைத்திருக்கும் செடிகள். ஏறத்தாழ பாதி அப்படித்தான் இருக்கும். எறிந்துவிடலாமா என்று தோட்டக்காரர் தயங்கி நின்றது இப்படிப்பட்ட செடிகளின் முன்னால்தான்.